கிரிப்டோ நாணயத்தில் சீர்தவணை முதலீடு: மாத வருமானத்தில் ஒதுக்கத்தக்க அளவை வரையறுத்தல்

ஆய்வுச்சுருக்கம்

மாத வருமானம் பெறுவோர் கிரிப்டோ நாணயத்தில் தவணை முறையில் முதலீடு செய்ய முற்படும்போது, வருமானத்தில் எத்தனை விழுக்காட்டை ஒதுக்கலாம் என்னும் வினா எழுகிறது. இவ்வினாவுக்கு எல்லார்க்கும் பொதுவான ஒரு விழுக்காட்டை விடையாகக் கூறுதல் பொருந்தாது என்பது இக்கட்டுரையின் கருத்தாகும். முழுமையாக இழந்தாலும் வாழ்க்கைத் திட்டம் குலையாத ஒரு தொகையை முதலில் வரையறுத்து, அதிலிருந்து பின்னோக்கி மாதத் தவணையைக் கணித்தலே தகும். சீர்தவணை முறையின் இயல்பு, விழுக்காட்டுப் பரிந்துரைகளின் அடிப்படை, இந்திய வரிச்சட்டம், பரிமாற்றத் தளங்களால் நேரும் இழப்பு ஆகிய நான்கும் இம்முடிவுக்குச் சான்றாக ஆராயப்படுகின்றன. ஆய்வு உதவித்தொகை பெறும் ஒருவரின் கணக்கு எடுத்துக்காட்டாக அமைகிறது.

திறவுச்சொற்கள்

கிரிப்டோ நாணயம், பிட்காயின், சீர்தவணை முதலீடு, தாங்கத்தக்க இழப்பு, மெய்நிகர் எண்மச் சொத்து, ஆய்வு உதவித்தொகை

முன்னுரை

சதோசி நகமோட்டோ என்னும் புனைபெயரில் 2008 அக்டோபர் 31 அன்று வெளியான ஒன்பது பக்கக் கட்டுரையொன்று பிட்காயின் என்னும் எண்மப் பண முறையை முன்மொழிந்தது. 2009 ஜனவரி 3 அன்று அதன் முதல் கட்டம் உருவாக்கப்பட்டது. வெளியிடப்படும் நாணயங்களின் உச்ச எண்ணிக்கை 2.1 கோடி எனத் தொடக்கத்திலேயே வரையறுக்கப்பட்டமையால், நாளடைவில் அது செலாவணிக்குரிய பணம் என்பதைவிடச் சேமித்து வைக்கும் சொத்து என்றே மிகுதியும் கருதப்படலாயிற்று. இன்று கைப்பேசிச் செயலியின் வழியே சில நூறு ரூபாயிலேயே மாதந்தோறும் அதனை வாங்க இயலும். பரஸ்பர நிதித் தவணைத் திட்டங்களுக்குப் பழகிய மாத ஊதியக்காரர், அதே பழக்கத்தைக் கிரிப்டோ நாணயத்திற்கும் நீட்டிக்க முற்படுவது இயல்பே.

ஆனால் இவ்விரண்டும் ஒரே தன்மையன அல்ல. 2017 டிசம்பரில் ஏறத்தாழ 20,000 டாலரை நெருங்கிய பிட்காயினின் விலை, ஓராண்டுக்குள் 3,200 டாலர் அளவுக்கு இறங்கியது. 2021 நவம்பரில் ஏறத்தாழ 69,000 டாலரைத் தொட்ட விலை, 2022 நவம்பரில் 16,000 டாலருக்கும் கீழே சென்றது. இருமுறையும் வீழ்ச்சி 75 விழுக்காட்டுக்கு மேற்பட்டது. இருமுறையும் விலை பின்னர் மீண்டு உயர்ந்தது என்பதும் உண்மையே. எனினும் மீட்சி வரும்வரை காத்திருக்க இயன்றவர்க்கே அவ்வுண்மை பயன்பட்டது. இடையில் பணம் தேவைப்பட்டு விற்றவர்க்கு இழப்பே எஞ்சியது.

கிரிப்டோ நாணயம் நல்ல முதலீடா அன்றா என்பதை இக்கட்டுரை ஆராயவில்லை. அதில் ஒரு பகுதியை இடலாம் என எண்ணும் ஒருவர், எவ்வளவு இடலாம் என்பதை எவ்வாறு முடிவு செய்ய வேண்டும் என்பதே ஆய்வுக்குரிய பொருள். ஒன்றும் இடாமலிருத்தலும் இவ்வினாவுக்குரிய விடைகளுள் ஒன்று என்பதைத் தொடக்கத்திலேயே குறிப்பிடுதல் நன்று.

1. வருமான விகிதமும் சேமிப்பு விகிதமும்

‘வருமானத்தில் ஐந்து விழுக்காடு’, ‘வருமானத்தில் பத்து விழுக்காடு’ என்பன பரவலாகக் கேட்கப்படும் அறிவுரைகள். இவற்றில் ஒரு கருத்து மயக்கம் உள்ளது. வருமானம் என்பது மாதந்தோறும் பாய்ந்து வரும் நீர்; சேமிப்பு என்பது குளத்தில் தேங்கிய நீர். விலை வீழ்ச்சியால் ஒருவர் அடையும் துன்பத்தை முடிவு செய்வது, அவருடைய மொத்தச் சேமிப்பில் கிரிப்டோ நாணயம் எத்தனை பங்கு என்பதேயன்றி, மாத வருமானத்தில் எத்தனை பங்கை அவர் இட்டார் என்பதன்று.

இருபது ஆண்டுகள் பணியாற்றி வருங்கால வைப்பு நிதியும் சொந்த வீடும் உடைய பேராசிரியர் ஒருவர், தம் வருமானத்தில் ஐந்து விழுக்காட்டை ஓராண்டு இட்டாலும் அது அவருடைய மொத்தச் சொத்தில் மிகச் சிறு பகுதியே. வேறு சேமிப்பே இல்லாத ஆய்வாளர் ஒருவர் அதே ஐந்து விழுக்காட்டை இட்டால், அதுவே அவருடைய முழுச் சேமிப்பாகும். விழுக்காடு ஒன்றே, இடர் ஒன்றன்று.

மேலும், தொடக்கத்தில் வகுத்த விகிதம் அப்படியே நிலைத்து நிற்பதும் இல்லை. மாதம் 10,000 ரூபாய் சேமிக்கும் ஒருவர் 9,000 ரூபாயை வங்கி வைப்பிலும் 1,000 ரூபாயைக் கிரிப்டோ நாணயத்திலும் இடுகிறார் எனக் கொள்வோம். 36 மாதங்களில் வைப்பு 3,24,000 ரூபாய். கிரிப்டோவில் இட்டது 36,000 ரூபாய். எளிமை கருதி வட்டியை விலக்குவோம். கிரிப்டோவின் மதிப்பு இதற்குள் நான்கு மடங்காகி 1,44,000 ரூபாயானால், மொத்தம் 4,68,000 ரூபாயில் அதன் பங்கு 30.8 விழுக்காடு. பத்தில் ஒரு பங்கென்று தொடங்கியவர், தாம் முடிவு செய்யாமலேயே பத்தில் மூன்று பங்கை ஏற்ற இறக்கத்திற்கு ஆட்படுத்திவிட்டார். அதன்பின் 75 விழுக்காடு வீழ்ச்சி நேர்ந்தால், அவருடைய மொத்தச் சேமிப்பில் 23 விழுக்காடு மறைகிறது. கணக்கின்படி அவர் இட்ட முதல் அப்படியே உள்ளது. ஆயினும் 4,68,000 ரூபாயை நம்பி வீட்டுமனைக்கு முன்பணம் கொடுத்தவராயின் அவருடைய நிலை வேறு.

2. சீர்தவணை முறையின் பயனும் எல்லையும்

சீர்தவணை முறையில் ஒவ்வொரு மாதமும் ஒரே தொகை இடப்படுவதால், விலை குறைந்த மாதத்தில் மிகுதியான அலகுகளும் விலை கூடிய மாதத்தில் குறைவான அலகுகளும் கிடைக்கின்றன. பெஞ்சமின் கிரகாம் 1949இல் வெளியிட்ட ‘அறிவார்ந்த முதலீட்டாளர்’ என்னும் பொருள்படும் நூலும் இம்முறையைப் பேசுகிறது.

ஓர் அலகின் விலை நான்கு மாதங்களில் முறையே 100, 50, 25, 50 ரூபாய் எனக் கொள்வோம். மாதம் 1,000 ரூபாய் இட்டால் 10, 20, 40, 20 என மொத்தம் 90 அலகுகள் கிடைக்கும். இட்ட தொகை 4,000 ரூபாய். ஆகவே சராசரி அடக்கவிலை 44.44 ரூபாய். நான்கு மாத விலைகளின் சராசரியோ 56.25 ரூபாய். இறுதி விலை தொடக்க விலையில் பாதியே ஆயினும் கையிருப்பின் மதிப்பு 4,500 ரூபாய். முதல் மாதத்திலேயே 4,000 ரூபாயை மொத்தமாக இட்டவரிடம் 2,000 ரூபாயே எஞ்சியிருக்கும்.

இவ்வெடுத்துக்காட்டு இம்முறையின் பயனைக் காட்டுகிறது. அதன் எல்லைகள் இரண்டு. முதலாவது, வாங்கும் விலையில் உள்ள இடரைத்தான் சீர்தவணை பரவலாக்குகிறது. சேர்ந்துவிட்ட இருப்பின் மீதுள்ள இடரை அது தொடுவதில்லை. நான்கு ஆண்டுகள் மாதம் 1,000 ரூபாய் இட்டவரின் இருப்பு 60,000 ரூபாயாக உள்ளது எனில், அடுத்த தவணை அதில் அறுபதில் ஒரு பங்கே. அந்நிலையில் விலை பாதியாகக் குறைந்தால் முப்பது மாதத் தவணைக்கு ஈடான தொகை மறையும். புதிய தவணை மலிவாக வாங்கித் தரும் அலகுகளால் அவ்விழப்பை உடனே ஈடுசெய்ய இயலாது. காலம் செல்லச் செல்லச் சீர்தவணை முதலீட்டாளரும் மொத்த முதலீட்டாளரின் நிலையையே அடைகிறார்.

இரண்டாவது, விலை மீளும் என்னும் முற்கோளின் மீதே இம்முறை நிற்கிறது. 2022 மே மாதத் தொடக்கத்தில் 80 டாலர் அளவில் விற்ற லூனா என்னும் நாணயம், அம்மாதத்தின் நடுப்பகுதிக்குள் ஒரு சென்ட்டுக்கும் கீழே இறங்கியது. வீழும் நாணயத்தைத் தவணைதோறும் வாங்கிச் சராசரி அடக்கவிலையைக் குறைத்தல், மீளாத நாணயத்தைப் பொறுத்தவரை இழப்பைப் பெருக்கும் வழியே ஆகும்.

வேன்கார்ட் நிறுவனம் 2012இல் வெளியிட்ட ஆய்வு, கையிலுள்ள தொகையைத் தவணைகளாகப் பிரித்து இடுவதைக் காட்டிலும் மொத்தமாக இடுவதே பங்கு, கடன் பத்திரச் சந்தைகளில் ஏறத்தாழ மூன்றில் இரண்டு முறை மிகுதியான ஆதாயம் தந்தது எனக் காட்டியது. மாத வருமானக்காரரிடம் மொத்தத் தொகை இல்லாமையால் இம்முடிவு அவரை நேரடியாகச் சுட்டாது. ஆயினும் சீர்தவணை என்பது ஆதாயத்தைக் கூட்டும் உத்தி அன்று, ஒழுங்கைத் தரும் உத்தி என்பதை அது உணர்த்துகிறது. ஒழுங்காக இடுவதனாலேயே இடும் அளவு சரியானது என்று ஆகிவிடாது.

3. விழுக்காட்டுப் பரிந்துரைகளின் அடிப்படை

ஒரு சொத்தில் எவ்வளவு இடுவது என்னும் வினாவுக்குக் கணித வழி விடைகள் உள்ளன. ஹாரி மார்கோவிட்சு 1952இல் வெளியிட்ட கட்டுரை, ஒரு சொத்தைத் தனியே நோக்காமல், ஏனைய சொத்துகளோடு சேர்த்து அதன் எதிர்பார்ப்பு ஆதாயத்தையும் ஏற்ற இறக்கத்தையும் எடைபோட வேண்டும் என நிறுவியது. பெல் ஆய்வகத்தைச் சார்ந்த ஜான் கெல்லி 1956இல் வெளியிட்ட கட்டுரையிலிருந்து வளர்ந்த எளிய சூத்திரம் ஒன்றும் உண்டு. இடர் இல்லாத வட்டிக்கு மேற்பட்ட எதிர்பார்ப்பு ஆதாயத்தை, ஏற்ற இறக்க அளவின் இருமடியால் வகுத்தால் கிடைப்பதே இடத்தக்க பங்கு என்பது அச்சூத்திரம்.

ஆண்டு ஏற்ற இறக்கத்தை 70 விழுக்காடு என வைத்துக்கொண்டால் அதன் இருமடி 0.49. மிகையான எதிர்பார்ப்பு ஆதாயம் 20 விழுக்காடு என்று நம்புபவர்க்குச் சூத்திரம் தரும் விடை 41 விழுக்காடு. 5 விழுக்காடு என்று நம்புபவர்க்கு 10 விழுக்காடு. ஆதாயம் ஏதுமில்லை என்பவர்க்குச் சுழி. நிறுமத்தின் பங்குக்கு ஈட்டமும், கடன் பத்திரத்துக்கு வட்டியும், வீட்டுக்கு வாடகையும் உண்டு. அவற்றைக் கொண்டு எதிர்பார்ப்பு ஆதாயத்தை ஓரளவு மதிப்பிடலாம். பிட்காயினுக்கு அத்தகைய வரவு ஏதும் இல்லை. ஆகவே சூத்திரத்தில் இடப்படும் எண் நம்பிக்கையின் அளவேயன்றி அளந்தறிந்த உண்மை அன்று. விடையின் துல்லியம் நம்பிக்கையின் துல்லியத்தை மிஞ்ச இயலாது.

பிளாக்ராக் நிறுவனத்தின் ஆய்வுப் பிரிவு 2024 டிசம்பரில், பிட்காயினில் ஆர்வமுடைய முதலீட்டாளர்க்கு 2 விழுக்காடு வரையிலான பங்கு ஏற்கத்தக்கது எனக் கூறியது. அதற்கு மேற்படின், மொத்த முதலீட்டின் இடரில் பிட்காயினின் பங்கு அளவுக்கு மீறி வளரும் என்பதே அது காட்டிய காரணம். எதிர்பார்ப்பு ஆதாயத்தை விடுத்து இடரின் பங்கை மட்டும் அளவுகோலாகக் கொண்டமையால் இம்முறை ஏற்புடையது. எனினும் இரண்டு செய்திகளை மறத்தல் கூடாது. இந்த 2 விழுக்காடு சேமிப்பின் பங்கேயன்றி வருமானத்தின் பங்கன்று. மேலும், 2024 ஜனவரியில் அமெரிக்காவில் ஒப்புதல் பெற்ற பிட்காயின் நிதிகளுள் ஒன்றை அந்நிறுவனமே நடத்துகிறது. விற்பவரே 2 விழுக்காட்டோடு நிற்கும்போது, வாங்குபவர் பத்து விழுக்காடு எனத் தொடங்குவதற்கு வலுவான காரணம் வேண்டும்.

4. இந்திய வரிச்சட்டமும் ஒதுக்கீட்டின் அளவும்

இந்திய ரிசர்வ் வங்கி 2018 ஏப்ரல் 6 அன்று வெளியிட்ட சுற்றறிக்கை, கிரிப்டோ வணிகத்திற்கு வங்கிச் சேவை வழங்குவதைத் தடுத்தது. உச்ச நீதிமன்றம் 2020 மார்ச் 4 அன்று அச்சுற்றறிக்கையை நீக்கியது. இன்று இந்தியாவில் கிரிப்டோ நாணயம் சட்டமுறைச் செலாவணி அன்று. வாங்குவதும் விற்பதும் தடை செய்யப்படவும் இல்லை. 2022ஆம் ஆண்டு நிதிச் சட்டம் ‘மெய்நிகர் எண்மச் சொத்து’ என்னும் பெயரால் அதனை வரி வரம்புக்குள் கொணர்ந்தது.

அச்சட்டம் 1961ஆம் ஆண்டு வருமான வரிச் சட்டத்தில் சேர்த்த 115பிபிஎச் பிரிவின்படி, விற்பனை ஆதாயத்தின் மீது 30 விழுக்காடு வரி. 4 விழுக்காடு மேல்வரியுடன் சேர்த்து 31.2 விழுக்காடு. எத்தனை ஆண்டுகள் வைத்திருந்தாலும் விகிதம் குறைவதில்லை. வாங்கிய விலையைத் தவிர வேறு செலவைக் கழிக்க இயலாது. ஒரு நாணயத்தில் நேர்ந்த இழப்பை மற்றொரு நாணயத்தின் ஆதாயத்தில் ஈடுசெய்யவோ, அடுத்த ஆண்டுக்குக் கொண்டு செல்லவோ இடமில்லை. இதனுடன், 2022 ஜூலை முதல் விற்பனைத் தொகையில் 1 விழுக்காடு மூலத்திலேயே பிடித்தம் செய்யப்படுகிறது. இப்பிடித்தம் வரியில் கழித்துக்கொள்ளத்தக்கது; ஆயினும் அதற்கு வருமான வரி அறிக்கை அளிக்க வேண்டும்.

இவ்விதிகள் ஒதுக்கீட்டின் அளவை இருவகையில் பாதிக்கின்றன. முதலாவதாக, பல நாணயங்களில் பரவலாக இடுவதால் இடர் குறையும் என்னும் பொதுக் கொள்கை இங்கு வலுவிழக்கிறது. ஒரே ஆண்டில் ஒரு நாணயத்தை விற்று 20,000 ரூபாய் ஆதாயமும், மற்றொன்றை விற்று 20,000 ரூபாய் இழப்பும் அடைந்தவர்க்கு நிகர ஆதாயம் ஏதுமில்லை. எனினும் அவர் 6,240 ரூபாய் வரி செலுத்த வேண்டும்.

இரண்டாவதாக, எல்லை மீறி வளர்ந்த பங்கை விற்றுச் சரிசெய்வதற்குப் பெரும் விலை கொடுக்க நேர்கிறது. முதற்பகுதியில் கண்டவர் 30.8 விழுக்காட்டை மீண்டும் 10 விழுக்காடாக்க 97,200 ரூபாய்க்கு விற்க வேண்டும். அதில் அடக்கவிலை 24,300 ரூபாய்; ஆதாயம் 72,900 ரூபாய்; வரி ஏறத்தாழ 22,745 ரூபாய். இதற்கு மாற்றாக, விற்காமல் புதிய தவணைகளை மட்டும் வேறு சேமிப்புக்குத் திருப்பலாம். இதற்கு வரி இல்லை. ஆனால் மாதம் 10,000 ரூபாயையும் வங்கி வைப்புக்கே திருப்பினாலும், ஓராண்டுக்குப் பின்னும் விலை மாறாதிருப்பின் பங்கு 24.5 விழுக்காடாகவே இருக்கும். திருப்பிவிடும் முறை எல்லையைச் சிறிது மீறிய பொழுதே பயன் தரும். பின்னர்த் திருத்துதல் கடினமாதலால் தொடக்க அளவைச் சிறிதாக வகுத்தலே இந்தியச் சூழலுக்கு ஏற்றது.

5. விலை சாராத இழப்பு

மேற்கண்ட கணக்குகள் யாவும் நாணயம் உரியவர் கையில் உள்ளது என்னும் கருத்தில் அமைந்தவை. நடைமுறையில் சிறு முதலீட்டாளர் பலர் வாங்கிய நாணயத்தைப் பரிமாற்றத் தளத்திலேயே விட்டுவைக்கின்றனர். 2022 நவம்பர் 11 அன்று எப்.டி.எக்ஸ். என்னும் பன்னாட்டுத் தளம் திவால் மனு அளித்தது. 2024 ஜூலை 18 அன்று இந்தியாவின் வசீர்எக்ஸ் தளத்திலிருந்து ஏறத்தாழ 23 கோடி டாலர் மதிப்புள்ள நாணயங்கள் திருடப்பட்டன. அதன் பயனர்கள் தம் நாணயங்களை ஓராண்டுக்கும் மேலாக எடுக்க இயலாமல் காத்திருந்தனர். அக்காலத்தில் சந்தையில் விலை உயர்ந்ததா வீழ்ந்ததா என்பது அவர்களுக்குப் பொருளற்ற செய்தியாயிற்று.

வங்கி வைப்புக்கு ஐந்து இலட்சம் ரூபாய் வரை காப்பீடு உண்டு. தளத்தில் உள்ள கிரிப்டோ நாணயத்துக்கு அத்தகைய அரசுக் காப்பீடு இல்லை. சென்னை உயர் நீதிமன்றம் 2025 அக்டோபரில், கிரிப்டோ நாணயம் உடைமை கொள்ளத்தக்க சொத்தே எனத் தீர்ப்பளித்தது. உரிமையை நிலைநாட்ட விழைவோர்க்கு இது முதன்மையான முன்னேற்றம். ஆயினும் உரிமை இருத்தலும் உரிய நேரத்தில் பணம் கைக்கு வருதலும் வெவ்வேறு. நாணயத்தைத் தம் சொந்தப் பணப்பையில் வைத்துக்கொள்வோர்க்குத் தளத்தின் இடர் நீங்கும்; மறைச்சொல்லைத் தொலைத்தால் மீட்கவே இயலாது என்னும் இடர் அதனிடத்தில் வந்து சேரும்.

ஆகவே விலை வீழ்ச்சியை மட்டும் கருதி ‘75 விழுக்காடு இழப்பைத் தாங்குவேன்’ எனக் கணக்கிடுதல் போதாது. இச்சொத்தைப் பொறுத்தவரை நூறு விழுக்காடு இழப்பும் நிகழக்கூடியதே எனக் கொண்டு அளவை வகுக்க வேண்டும்.

6. இழப்பிலிருந்து பின்னோக்கிக் கணித்தல்

திருக்குறளின் வலியறிதல் அதிகாரம், வினையின் வலியையும் தன் வலியையும் மாற்றான் வலியையும் அளப்பதில் தொடங்கி, பொருளின் வரவையும் செலவையும் அளந்து வாழ்வதில் முடிகிறது. வலிமையை அறிதல் என்பதன் இறுதிப் பொருள் தன் கைப்பொருளின் எல்லையை அறிதலே என இவ்வைப்புமுறையைக் கொள்ளலாம். அவ்வெல்லையைக் காண்பதற்கு இக்கட்டுரை முன்வைக்கும் படிகள் ஐந்து.

முதற்படி: கடன் அட்டை நிலுவை, நகைக்கடன், தனிநபர்க் கடன் ஆகியன இருப்பின் அவற்றை முதலில் தீர்த்தல். கடனைத் தீர்ப்பதால் மிச்சமாகும் வட்டி உறுதியானது. கிரிப்டோவின் ஆதாயம் உறுதியற்றது.

இரண்டாம் படி: ஆறு மாதச் செலவுக்குரிய தொகையை வங்கியில் சேர்த்தல். ஆண்டில் 11 மாதங்கள் மட்டும் தொகுப்பூதியம் பெறும் கௌரவ விரிவுரையாளர், உதவித்தொகை காலந்தாழ்ந்து வரும் நிலையிலுள்ள ஆய்வாளர் ஆகியோர்க்கு இத்தொகை இன்னும் மிகுதியாக வேண்டும்.

மூன்றாம் படி: தவணைக் காலத்துக்குள் நிறைவேற்ற வேண்டிய கடமைகளைத் தொகையுடன் எழுதி, அக்காலத்தின் மொத்த மிச்சத்திலிருந்து கழித்தல்.

நான்காம் படி: எஞ்சியதில் பாதியை எதிர்பாராச் செலவுக்கு விட்டு, மறுபாதியைத் தாங்கத்தக்க இழப்பின் உச்ச வரம்பாகக் கொள்ளுதல். அதனைத் தவணைக் காலத்தின் மாதங்களால் வகுத்தால் மாதத் தவணை கிடைக்கும்.

ஐந்தாம் படி: நிறுத்தும் விதிகளை முன்னரே எழுதி வைத்தல். இட்ட மொத்தம் உச்ச வரம்பை எட்டினாலோ, மொத்தச் சேமிப்பில் கிரிப்டோவின் பங்கு வகுத்த எல்லையைக் கடந்தாலோ தவணையை நிறுத்தி அத்தொகையை வேறு சேமிப்புக்குத் திருப்ப வேண்டும்.

ஓர் எடுத்துக்காட்டு இதனை விளக்கும். பல்கலைக்கழக மானியக் குழுவின் இளநிலை ஆய்வு உதவித்தொகை 2023 ஜனவரி முதல் மாதம் 37,000 ரூபாய். இரண்டு ஆண்டுகளுக்குப் பின் முதுநிலை உதவித்தொகை 42,000 ரூபாய். வீட்டு வாடகைப்படியை விலக்குவோம். உணவு, உறைவிடம், பெற்றோர்க்கு அனுப்புவது உட்பட ஒருவரின் மாதச் செலவு 28,000 ரூபாய் எனக் கொள்வோம். முதலிரு ஆண்டுகளில் மாத மிச்சம் 9,000 ரூபாய். ஆறு மாதச் செலவான 1,68,000 ரூபாயைச் சேர்க்கப் பத்தொன்பது மாதங்கள் ஆகும். எஞ்சிய மாதங்களின் மிச்சம் மடிக்கணினிக்கும் களப்பணிப் பயணங்களுக்கும் செல்லும். ஆகவே இளநிலைக் காலத்தில் அவர் கிரிப்டோவில் இடத்தக்கது சுழியே.

முதுநிலைக் காலத்தில் மாத மிச்சம் 14,000 ரூபாய். 36 மாதங்களில் 5,04,000 ரூபாய். கடமைகளாவன: உதவித்தொகை முடிந்தபின் வேலை கிடைக்கும்வரை ஆறு மாதச் செலவு 1,68,000 ரூபாய், ஆய்வேட்டுப் பணிகள், நேர்காணல் பயணங்கள் 60,000 ரூபாய், தங்கையின் திருமணத்துக்குத் தம் பங்கு 2,00,000 ரூபாய். மொத்தம் 4,28,000 ரூபாய். எஞ்சுவது 76,000 ரூபாய். அதில் பாதி 38,000 ரூபாய். 36 மாதங்களால் வகுத்து முழுத்தொகையாக்கினால் மாதம் 1,000 ரூபாய். இது வருமானத்தில் 2.4 விழுக்காடு, மாத மிச்சத்தில் 7 விழுக்காடு.

இவரே ‘வருமானத்தில் பத்து விழுக்காடு’ என்னும் அறிவுரையைப் பின்பற்றியிருந்தால் மாதம் 4,200 ரூபாய் வீதம் 1,51,200 ரூபாய் இட்டிருப்பார். இருப்பின் மதிப்பு இட்ட முதலுக்குச் சமமாக உள்ளபோது 75 விழுக்காடு வீழ்ச்சி நேர்ந்தால் இழப்பு 1,13,400 ரூபாய். கடமை சாராத தொகை 76,000 ரூபாயே ஆதலால், எஞ்சிய 37,400 ரூபாய் தங்கையின் திருமணத்திலிருந்தோ வேலையில்லாக் காலத்தின் உணவிலிருந்தோ எடுக்கப்பட்டதாகும். இரு கணக்குகளுக்கும் இடையிலுள்ள வேறுபாடு துணிவின் வேறுபாடன்று. இழப்பை யார் சுமப்பது என்பதன் வேறுபாடு.

இம்முறையில் வருமானம் மிகுந்தவர்க்கு எப்போதும் மிகுந்த தவணை கிடைக்கும் என்பதும் இல்லை. ஓய்வுபெற மூன்று ஆண்டுகளே உள்ள, வீட்டுக் கடனும் மகளின் கல்லூரிச் செலவும் எஞ்சியுள்ள பேராசிரியர் ஒருவருக்கு மேற்கண்ட ஆய்வாளரைக் காட்டிலும் குறைந்த தொகையோ சுழியோ விடையாகலாம்.

7. எழக்கூடிய மறுப்புகள்

மாதம் ஆயிரம் ரூபாயால் என்ன பயன் விளையும் என்பது முதல் மறுப்பு. இட்ட 36,000 ரூபாய் நான்கு மடங்கானால் ஆதாயம் 1,08,000 ரூபாய்; வரி 33,696 ரூபாய் போக 74,304 ரூபாய் எஞ்சும். இது வாழ்க்கையை மாற்றும் தொகை அன்று. அதே தவணையின் முழு இழப்பும் வாழ்க்கையை மாற்றாது. வாழ்க்கையை மாற்றும் ஆதாயத்தை விழைபவர், அதே அளவில் வாழ்க்கையை மாற்றும் இழப்பையும் ஏற்றாக வேண்டும்.

நான்கு ஆண்டுகளுக்கு ஒருமுறை புதிய பிட்காயின் வெளியீடு பாதியாவதால் விலை உயர்வு உறுதி என்பது இரண்டாம் மறுப்பு. 2012, 2016, 2020, 2024 என நான்கு முறையே இது நிகழ்ந்துள்ளது. நான்கு நிகழ்வுகளைக் கொண்டு ஒரு விதியை நிறுவுதல் எந்த ஆய்வுத் துறையிலும் ஏற்கப்படுவதில்லை. மேலும், பாதியாகும் காலம் அனைவர்க்கும் முன்னரே தெரிந்ததாதலால், அது விலையில் முன்னரே கலந்திருக்க வாய்ப்புண்டு.

தாங்கத்தக்க இழப்பு என்பது ஆளுக்கு ஆள் மாறும் மனநிலை சார்ந்தது என்பது மூன்றாம் மறுப்பு. அதனாலேயே இக்கட்டுரை மனத்துணிவை அளவுகோலாகக் கொள்ளாமல் கடமைகளின் பட்டியலைக் கொள்கிறது. விலை ஏறும் காலத்தில் எவரும் தம்மைத் துணிவுடையவராகவே கருதுவர். பட்டியலை வாழ்க்கைத் துணையிடமோ பெற்றோரிடமோ காட்டி ஒப்புதல் பெறுதல், விடுபட்ட கடமைகளை வெளிக்கொணரும் எளிய வழியாகும்.

முடிவுரை

கிரிப்டோ நாணயத்தில் ஒதுக்கத்தக்க அளவை வருமானத்தின் விழுக்காட்டால் தொடங்குதல், இடரின் உண்மையான இடத்தை மறைக்கிறது. சீர்தவணை முறை வாங்கும் விலையைச் சீராக்குமேயன்றிச் சேர்ந்த இருப்பைக் காக்காது. கணிதச் சூத்திரங்கள் அளந்தறிய இயலாத எதிர்பார்ப்பை எண்ணாக்கியே விடை தருகின்றன. இந்திய வரிச்சட்டம் பிற்காலத் திருத்தத்தைச் செலவு மிக்கதாக்குகிறது. பரிமாற்றத் தளங்களின் வரலாறு முழு இழப்பும் நிகழும் என்பதைக் காட்டுகிறது. இந்நான்கும் சேர்ந்து, முழு இழப்பையும் தாங்கும் தொகையிலிருந்து பின்னோக்கிக் கணிக்கும் முறையை வலியுறுத்துகின்றன. விழுக்காடு அக்கணக்கின் தொடக்கமாக அமைதல் கூடாது. அதன் இறுதியில் கிடைக்கும் எண்ணாகவே அமைய வேண்டும். சிலருக்கு அவ்வெண் இரண்டாகவோ மூன்றாகவோ அமையலாம். கடமைகள் மிச்சத்தை விஞ்சும் காலத்தில் அது சுழியாக அமைவதே முறை. வருமானமும் கடமைகளும் வரிவிதிகளும் மாறும் இயல்பினவாதலால், ஆண்டுக்கு ஒருமுறை இக்கணக்கை மீண்டும் செய்து பார்த்தல் வேண்டும்.